புகலிடம் இல்லாத படை

விளையாட்டில் தோற்றவன் தன் தோல்வியைப் பற்றிக் கட்டுரை எழுதுவது நம்மவர்க்கு வேடிக்கையாகத் தோன்றும். “தோற்றாய்; சரி. அதைப் பத்திரிகையில் வேறு அறிவிக்க வேண்டுமோ?” என்று என் நண்பர் ஒருவர் கேட்டே விட்டார். அவருக்கு யான் சொன்ன மறுமொழி இது: வென்றவன் மகிழ்ந்துவிட்டு உறங்கப் போய்விடுகிறான், எங்கே பிழைத்தோம் என்று இரவெல்லாம் விழித்திருந்து கணக்குப் பார்ப்பவன் தோற்றவனே. ஆகவே கணக்கு வேண்டுமென்றால் தோற்றவனிடந்தான் கேட்க வேண்டும்.

கணக்குப் பார்ப்பதே என் தொழிலுமாகும். யான் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி. வயது முப்பத்தைந்து. ஆங்கில வழியில் பயின்றவன். விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் எழுதுவதும், பிறகு செக்ரோல் பார்ப்பதும், மாலையில் ஆலைக்குப் போன குலைகளின் எடையைச் சரிபார்ப்பதும் என் நாள். இரவு எட்டு மணிக்கு மேல், குழந்தைகள் உறங்கியபின், கணினியின் முன் அமர்ந்து ஒரு நாட்டை ஆண்டுகொண்டிருந்தேன். அந்த நாடு நாற்பத்தேழாம் மாதத்தில் அழிந்தது.

அவ்விளையாட்டின் பெயர் டொமினியன்ஸ். ஸ்வீடன் தேசத்து நண்பர் இருவர் இல்விண்டர் என்ற பெயரில் ஆக்கியது. அதன் ஐந்தாம் பதிப்பு 2017ஆம் ஆண்டு வெளிவந்தது. 2024இல் ஆறாம் பதிப்பும் வந்துவிட்டது. எனினும் நாங்கள் ஆடியது ஐந்தாவது பதிப்பே. பார்வைக்குப் பகட்டில்லாதது. ஆனால் அதன் ஆங்கிலக் கையேடோ, படித்து முடிக்கப் பல இரவுகள் வேண்டிய தடித்த நூல்.

கதை இதுதான். உலகத்தை ஆண்டுவந்த பாண்டோகிரேட்டர் என்னும் பெருங்கடவுள் எங்கோ மறைந்துபோனார். காலியான அப்பதவிக்குப் பல கடவுளர் போட்டியிடுகின்றனர். ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரு நாட்டை ஏற்று, அந்நாட்டின் சார்பில் ஒரு கடவுளை வேட்பாளராக நிறுத்த வேண்டும். கோயில் கட்டலாம், குருமாரை அனுப்பிப் பிரசாரம் செய்யலாம், படை திரட்டி அண்டை நாட்டைப் பிடிக்கலாம். எந்தக் கடவுளின் செல்வாக்கு எல்லா நிலங்களிலும் அற்றுப்போகிறதோ அந்தக் கடவுள் மறைந்தொழிய வேண்டும் என்பது விதி. கும்பிடுவார் இல்லையேல் கடவுளும் இல்லை என்ற இந்தச் செய்தி இப்பத்திரிகையின் வாசகர்க்குப் புதிதாய் இராது.

நாடுகளெல்லாம் உலகத்துப் பழங்கதைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. வடபுலத்துப் பனி அரக்கர்க்கு நீஃபெல்ஹைம் என்றொரு நாடு. மெக்சிக்கோவின் பழங்குடியினர் கதைகளை ஒட்டி மிக்ட்லான் என்றொரு நாடு. நம் பக்கத்துக் கதைகளையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. குரங்கரசர்கள் ஆளும் கைலாசம் ஒன்று. அரக்கர் ஆளும் இலங்கை ஒன்று. ஆறு பேர் ஆடிய எங்கள் ஆட்டத்தில் யான் கைலாசத்தை எடுத்தேன். இலங்கை வேறொருவர்க்கு வாய்த்தது. அவர் எந்த ஊரார், என்ன தொழிலினர் என்பது எனக்குத் தெரியாது. ஆட்டம் முழுவதும் நாங்கள் ஒருவரையொருவர் நாட்டின் பெயராலேயே அழைத்துக்கொண்டோம்.

கைலாசம் தோற்றது, இலங்கை வென்றது என்றதும் சில தோழர்கள் கைதட்டக் கூடும். 1946இல் புலவர் குழந்தை இராவணனைத் தலைவனாக வைத்துக் காவியம் பாடினார். அது நம் இயக்கத்தாரின் பெருமைகளில் ஒன்று. ஆனால் இந்த ஆட்டத்து இலங்கை அப்புலவர் பாடிய இலங்கையன்று. ஊர் ஊராய்ப் பெண்களைப் பிடித்துக் குருதிப் பலி கொடுத்து மாயம் வளர்க்கும் நாடாக அதனைச் சமைத்திருக்கிறார்கள். எனவே கைதட்ட வேண்டியதில்லை. என் நாட்டின் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். அதில் பிறப்பைக் கொண்டே குரங்குகளின் நிலை வகுக்கப்பட்டிருக்கிறது. மர்க்கடர் என்போர் மிகச் சிறியவர், மிக மலிவானவர், எளிதில் அஞ்சுபவர். அவர்க்கு மேலே வானரர். அதற்கும் மேலே பருத்த உடலினரான பண்டர். மந்திரமும் தவமும் குருமார் போன்றோருக்கு உரியன. மர்க்கடரை எப்போதும் படையின் முன்வரிசையில் நிறுத்தினேன். எதிரியின் அம்புகள் அவர்கள்மேல் தைத்துத் தீர்ந்தால் பின்னால் வரும் பண்டர் பிழைப்பார்கள் அல்லவா? சாதியை எதிர்த்துக் கூட்டத்தில் பேசுபவன் இரவில் இப்படித்தான் படை வகுத்துக்கொண்டிருந்தான். அதில் எனக்குக் கூச்சமே தோன்றவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஆட்டம் நடக்கும் முறையையும் சிறிது விளக்க வேண்டும். ஒரு சுற்று என்பது ஆட்டத்தில் ஒரு மாதம். நாளைக்கு ஒரு சுற்று என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். ஆறு பேரும் தத்தம் கட்டளைகளை எழுதி அனுப்ப வேண்டும். அனைத்தும் வந்து சேர்ந்தபின் கணினி அவற்றை ஒருங்கே நடத்தி, விளைவைத் திருப்பி அனுப்பும். சண்டை நடக்கையில் குறுக்கிட முடியாது. யார் முன்னே, யார் பின்னே, எந்த மந்திரம் முதலில் என்பதையெல்லாம் முன்னரே குறித்துவிட வேண்டும். பிறகு நடந்து முடிந்ததைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம், அவ்வளவே.

ஆறு பேரும் ஒரே சமயத்தில் சண்டையிட்டால் ஒருவரும் தேறமாட்டார். ஆதலின் அண்டை நாட்டாரோடு உடன்படிக்கை செய்துகொள்வது வழக்கம். மூன்று மாத முன்னறிவிப்பு இன்றித் தாக்குவதில்லை என்பதே அதில் பெரும்பாலோர் கைக்கொள்ளும் நிபந்தனை. இலங்கையோடு யானும் அப்படியே உடன்பட்டேன். உடன்பட்டதும் அந்த எல்லையை மறந்தேன். கருவூலத்தில் பொன்னும், மந்திரத்துக்குரிய மணிகளும் மாதந்தோறும் ஏறிக்கொண்டிருந்தன. வரவு, செலவு, மீதி என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். மீதி பெருகப் பெருக என் நாடு வலிமை பெறுகிறது என்று நம்பினேன். கடிதம் எழுதி நட்பை வளர்க்க வேண்டிய நேரத்தில் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தேன். நீஃபெல்ஹைம் நாட்டார் ஒருமுறை உதவி கேட்டு எழுதியபோது, “இப்போது இயலாது” என்று ஒரே வரியில் மறுத்துவிட்டேன். அன்றைய கணக்கில் அது சிக்கனமாகத் தோன்றிற்று.

முப்பத்தொன்றாம் மாதம் இலங்கையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மிக மரியாதையான கடிதம். நம் உடன்படிக்கை இன்றிலிருந்து மூன்று மாதத்தில் முடிவடையும் என்று அதில் கண்டிருந்தது. வசை இல்லை, மிரட்டல் இல்லை, வாக்குத் தவறுதலும் இல்லை. படித்துவிட்டு யான் என்ன நினைத்தேன் தெரியுமா? “நேர்மையான மனிதர், மூன்று மாதம் கொடுத்திருக்கிறாரே!” என்று நினைத்தேன்.

அந்த மூன்று மாதத்தை யான் செலவிட்ட விதம் இது. முதல் மாதம், முடிவை மாற்றிக்கொள்ளுமாறு இலங்கைக்கு நீண்ட கடிதம் எழுதினேன். இரண்டாம் மாதம், மற்ற நால்வரிடமும் துணை வேண்டினேன். நீஃபெல்ஹைம் என் பழைய வரியையே எனக்குத் திருப்பி அனுப்பியது. மூன்றாம் மாதம், இருந்த படையையெல்லாம் திரட்டி எல்லைப்புறத்து நிலம் ஒன்றில் நிறுத்தினேன். யானைகள், பண்டர், வானரர், முன்னே மர்க்கடர் என்று எண்ணிக்கை பெரிதாகவே இருந்தது.

முப்பத்து நான்காம் மாதம் இலங்கைப் படை என் படையைத் தொடவே இல்லை. அதற்குச் சுற்றுமுற்றும் கிடந்த நான்கு சிறு நிலங்களைச் சிறு சிறு கூட்டங்கள் வந்து பிடித்துக்கொண்டன. காடும் சதுப்புமாய் வருமானம் குறைந்த நிலங்கள் அவை. குறிப்பேட்டை எடுத்து, வரவில் இவ்வளவு குறைந்தது என்று எழுதிவிட்டு, “போகட்டும், அற்பம்” என்று உறங்கப் போனேன்.

மறுமாதம் பெரும்போர் நடந்தது. போர்க்களத்தில் நிகழ்ந்ததை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்திருக்கிறேன். மர்க்கடர் முதலில் ஓடினர். அரக்கரைக் கண்டதும் யானைகள் மிரண்டன. வானரர் சிறிது பொறுத்தனர். பண்டர் இன்னும் சிறிது. கடைசியில் எல்லாரும் திரும்பி ஓடினர். ஆனால் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். களத்தில் மாண்டவரைக் கூட்டிப் பார்த்தபோது என் படையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உயிரோடு தப்பியிருக்கிறார்கள். அப்பாடா என்று அடுத்த திங்களின் படத்தைத் திறந்தேன். ஒருவர்கூட இல்லை!

கையேட்டைப் புரட்டினேன். விதி தெளிவாக இருந்தது. தோற்று ஓடும் படை அடுத்துள்ள தன்னாட்டு நிலம் ஒன்றிற்குப் போய்ச் சேரும். அடுத்துத் தன் நிலம் எதுவுமே இல்லையாயின் அப்படை அழிந்ததாகவே கொள்ளப்படும். அந்த நான்கு அற்ப நிலங்களை இலங்கை முன்மாதமே பிடித்தது எதற்காக என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. என் படையைப் போர் அழிக்கவில்லை. போவதற்கு இடமில்லாமையே அழித்தது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் கணினியில் அழிந்த குரங்குகள் அல்ல. 2019ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்று நினைவில் எழுந்து நின்றது.

அப்போது யான் வேறொரு தோட்டத்தில் இளைய கிராணி. அத்தோட்டத்தின் ஒரு பகுதி விற்கப்பட்டு, அங்கிருந்த பழைய லயங்களை இடிப்பதென்று முடிவாயிற்று. குடியிருந்தவர்கள் மூன்று மாதத்துக்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டுமென்ற அறிவிப்பைத் தட்டச்சு செய்யும் வேலை என்னிடம் வந்தது. பத்தொன்பது வீடுகள். பெயர், வீட்டு எண், தேதி எல்லாம் பிழையின்றி அடித்தேன். தமிழிலும் ஒரு பிரதி எழுதிச் சேர்த்தேன். அது என் சொந்த யோசனை. ஆங்கிலமும் மலாயும் படிக்கத் தெரியாத முதியவர்க்கு உதவியாயிருக்குமே என்று எண்ணினேன். அதற்காக உள்ளூரப் பெருமைப்படவும் செய்தேன். முறையாக, மரியாதையாக, முன்கூட்டியே அறிவித்தாயிற்று. இதற்கு மேல் ஒரு கிராணி என்ன செய்ய முடியும்?

அறிவிப்பைக் கொடுக்க யானே வீடு வீடாகப் போனேன். பால்மரக் காலத்திலிருந்து அங்கே வேலை செய்து ஓய்ந்த பாட்டி ஒருவர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தமிழ்ப் பிரதியை எழுத்தெழுத்தாகப் படித்தார். படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“தம்பி, மூணு மாசத்துல காலி பண்ணணும்னு போட்டிருக்கீங்க. சரி. காலி பண்ணிட்டு எங்க போறதுன்னு போடலயே? அடுத்த பக்கத்துல இருக்கா?”

அடுத்த பக்கம் வெறுமையாய் இருந்தது. “பார்க்கிறேன், பாட்டி” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். பார்க்கவில்லை. பத்தொன்பது கையொப்பங்களும் கிடைத்துவிட்டன என்று கோப்பில் குறித்து அலமாரியில் வைத்தேன்.

அக்குடும்பங்களை ஒருவரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. சிலர் மகன் வீடு, மகள் வீடு என்று பட்டணத்துக்குப் போனார்கள். சிலர் வாடகை கொடுக்க முடியாமல் ஆற்றோரத்துப் பலகை வீடுகளில் ஒதுங்கினார்கள். அந்தப் பாட்டி எங்கே போனார் என்பதை யான் விசாரிக்கவே இல்லை. செக்ரோலிலிருந்து பெயர் போய்விட்டால் ஒரு கிராணிக்கு அவர் இல்லாதவரே. இலங்கையார் என் படைக்குச் செய்ததை யான் முன்னமே வேறு பெயரில் செய்து முடித்து, கையொப்பமும் வாங்கி வைத்திருந்தேன். அவராவது விளையாட்டில் செய்தார்.

இந்நாட்டுத் தமிழர்க்கு இந்த விதி புதிதன்று. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பெரிய தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் இன்றும் கசப்போடு சொல்வது அதனைத்தான். அப்போது அமைச்சராயிருந்த வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி சேர்க்குமாறு தொழிலாளரைக் கேட்டார். 1960இல் தோன்றிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அப்பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியது. பள்ளிப் பரீட்சைக்காக இதை யான் மனப்பாடம் செய்திருக்கிறேன். அதன் பொருளை எனக்கு உணர்த்த ஒரு குரங்குப்படை அழிய வேண்டியிருந்தது. பால் வெட்டிய கூலியிலிருந்து பத்து வெள்ளியை எடுத்து வைத்தவர்கள், போர் வருமுன்னே தமக்குப் பின்புறம் ஒரு நிலத்தைத் தேடிக்கொண்டவர்கள். யான் அற்பமென்று எழுதி உறங்கப்போன அந்தச் சதுப்பு நிலத்தின் விலையை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

நிற்க. ஆட்டத்தின் முடிவையும் சொல்லிவிட வேண்டும்.

பெரும்படை போனபின் ஆட்டத்தை விட்டு விலகிவிடவே எண்ணினேன். விலகினால் அந்த நாட்டைக் கணினியே ஏற்று நடத்தும். கணினியோ திறமையற்ற அரசன். அப்போது நீஃபெல்ஹைம் நாட்டார் எழுதினார்: நீர் போய்விட்டால் உம் நாடு மூன்றே மாதத்தில் விழும், அடுத்து என் வாசலில் இலங்கை நிற்கும், உம்மால் இயன்ற மட்டும் நில்லும் என்று. முன்பு யான் கைவிட்டவர் அவர். அவர் அழைத்தபின் விலக மனம் வரவில்லை.

என் மனைவி ஒருநாள் தேநீரை வைத்துவிட்டுக் கேட்டாள்: “ஏங்க, தோத்துப்போச்சுன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எதுக்கு இப்படி உக்காந்து கண்ணக் கெடுத்துக்கிறீங்க?”

“ஓடுகிறவர்களுக்கு ஒரு வழி வைத்துக்கொண்டிருக்கிறேன்” என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

உண்மையில் அதைத்தான் செய்தேன். அதற்குப்பின் எங்கே படையை நிறுத்தினாலும், அதற்குப் பின்னால் குறைந்தது இரண்டு நிலங்கள் என் கையில் இருக்குமாறு பார்த்துக்கொண்டேன். மர்க்கடரைக் கேடயமாக நிறுத்தும் வழக்கத்தையும் விட்டேன். அன்பினால் என்று பொய் சொல்லமாட்டேன். முன்வரிசை ஓடினால் எல்லாரும் ஓடுவர் என்பதை அனுபவம் கற்பித்துவிட்டது. தோற்றேன்; ஆயினும் ஒவ்வொரு தோல்வியிலும் ஓடியவர்கள் ஓரிடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். மூன்று மாதத்தில் விழவேண்டிய நாடு பன்னிரண்டு மாதம் நின்றது. கருவூலத்தில் எஞ்சியிருந்த பொன்னையும் மணிகளையும் நீஃபெல்ஹைமுக்கு அனுப்பிவிட்டேன். யான் பூட்டி வைத்த காலத்தில் அவை ஒருவரையும் காக்கவில்லை. அனுப்பியபின் பனி அரக்கர்க்கு மதில் கட்டப் பயன்பட்டன. நாற்பத்தேழாம் மாதம் என் தலைநகரின் மதில் இடிந்து, கைலாசம் முடிந்தது. நல்ல எதிர்ப்பு என்று இலங்கையார் ஒரு வரி எழுதினார். நன்றி தெரிவித்து யானும் ஒரு வரி எழுதினேன். அவர்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை; சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார்.

ஆனால் ஒன்றைக் கற்றேன். அறிவிப்புக் கொடுப்பது நேர்மையாக இருக்கலாம், அது இரக்கமாகிவிடாது. மூன்று மாதம் என்பது எங்கே போவது என்று தெரிந்தவனுக்கே மூன்று மாதம். தெரியாதவனுக்கு அது நீண்ட ஒரு நாள்.

இப்போது யான் இருக்கும் தோட்டத்தில் வேலையாட்களிற் பெரும்பாலோர் வெளிநாட்டவர். நம்மவர் குடும்பம் பதினொன்றே மிஞ்சியிருக்கின்றன. சென்ற சில மாதங்களாக ஞாயிறுதோறும் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்கிறேன். மலிவு விலை வீட்டுக்கான விண்ணப்பம், சேமநிதியின் ஒரு பகுதியை வீடு வாங்குவதற்கு எடுக்கும் விண்ணப்பம், பிறப்புச் சான்றிதழில் பெயர்ப் பிழையிருந்தால் திருத்த வேண்டிய வழி இவற்றையெல்லாம் பார்த்துக் கொடுக்கிறேன். தமிழில் விளக்கி, மலாயில் நிரப்புகிறேன். இதுவரை நான்கு குடும்பங்களின் விண்ணப்பங்கள் போயிருக்கின்றன. ஒன்றுக்கு மட்டுமே நல்ல மறுமொழி வந்துள்ளது. ஐந்தாவது விண்ணப்பம் என்னுடையது. கிராணியின் வீடும் தோட்டத்து வீடுதானே!

அந்தப் பாட்டியையும் தேடத் தொடங்கியிருக்கிறேன். பழைய கோப்பு அத்தோட்டத்து அலுவலகத்தில் இருக்கிறதோ இல்லையோ. ஆனால் அவருடைய வீட்டு எண் எனக்கு நினைவிருக்கிறது. அறிவிப்பில் அடித்த எண்ணல்லவா? பட்டணத்தில் அவருக்கு ஒரு பேரன் இருப்பதாகக் கேள்வி. கண்டால் என்ன சொல்வதென்று இன்னும் தீர்மானிக்கவில்லை. “அடுத்த பக்கம் வெறுமையாய் இருந்தது, பாட்டி” என்று தொடங்கலாமென்று நினைக்கிறேன்.

தோழர்களே! உங்களிற் பலர் என்னைப்போல் பிறர் வீட்டில் இருந்துகொண்டு பிறர் கணக்கை எழுதுபவர்கள். வரவும் செலவும் மீதியும் எழுதுகிறோம். இன்றிரவு அந்த ஏட்டை மூடுமுன் இன்னும் ஒரு வரி எழுதிப் பாருங்கள்: நமக்குப் பின்னால் இருக்கும் நிலம் யாருடையது?